பிறந்தநாள் பங்காளிகள்

மதுரை மணி ஐயர் பிறந்தது 1912 அக்டோபர் 25. அதே அக்டோபர் 25-இல், 1825-ஆம் ஆண்டு, வியன்னாவில் இளைய யோஹான் ஸ்ட்ராஸ் பிறந்தார். 1838-இல் பாரிஸில் ஜார்ஜ் பிஸே பிறந்ததும் அதே தேதியில்தான். ஸ்ட்ராஸ் வால்ட்ஸ் மெட்டுகளால் ஐரோப்பாவையே ஆட வைத்தவர். பிஸே 'கார்மென்' என்ற இசைநாடகத்தால் நிலைத்தவர். மணி ஐயரின் கச்சேரிகளில் ரசிகர்கள் விடாமல் கேட்டு வாங்கிய உருப்படிகளில் ஒன்று, அவருடைய குரு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த 'இங்கிலீஷ் நோட்டு'. கர்நாடக மேடையில் மேற்கத்திய சாயல் மெட்டைப் பாடிக் கைதட்டல் வாங்கியவருக்கு, மேற்கத்திய இசையின் இரண்டு பெரும் புள்ளிகள் பிறந்தநாள் பங்காளிகளாக அமைந்திருக்கிறார்கள். கேட்டவுடன் புருவம் உயரத்தான் செய்யும்.

மதுரையின் மற்றக் குரல்களுக்கும் இப்படிப் பங்காளிகள் உண்டு. எம். எஸ். சுப்புலட்சுமி 1916 செப்டம்பர் 16-இல் மீனாட்சியம்மன் கோயில் அருகே பிறந்தார். ஒன்பது ஆண்டு கழித்து அதே தேதியில் அமெரிக்காவின் மிசிசிப்பியில் பருத்திக் காட்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் ப்ளூஸ் கிதார் மேதை பி. பி. கிங். மதுரை டி. என். சேஷகோபாலன் 1948 செப்டம்பர் 5. 'குயீன்' குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி 1946 செப்டம்பர் 5. மெர்க்குரி சான்சிபாரில் பிறந்த பார்சி, பள்ளிப் படிப்பு மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில். டி. எம். சௌந்தரராஜன் மார்ச் 24. முத்துஸ்வாமி தீட்சிதரும் மார்ச் 24. இந்தக் கடைசி ஜோடியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம்.

இப்படி அடுக்குவது சுவாரசியமான பொழுதுபோக்கு. வானொலியில் 'இன்று பிறந்தவர்கள்' என்று சொல்லிப் பாட்டுப் போடுவதற்கும் உதவும். ஆனால் ஒரே நாளில் பிறந்ததால் இரு இசைக் கலைஞர்களுக்குள் ஏதேனும் உறவு உண்டா? இல்லை என்பதே என் முடிவு. அப்படியானால் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது: அந்தத் தேதி எப்படி நம் கைக்கு வந்தது என்ற கதை. ஒருவர் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார், எதற்காக எழுதி வைத்தார், எந்தப் பஞ்சாங்கத்தில் எழுதினார் என்று தோண்டினால், பிறந்தநாளைவிட இசைச் சமூகத்தைப் பற்றித்தான் அதிகம் தெரிய வருகிறது.

முதலில் வியப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். நிகழ்தகவுக் கணக்கில் இது பழைய புதிர். ஓரிடத்தில் 23 பேர் கூடினால், அவர்களில் யாரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு உண்டு. 41 பேர் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு. 57 பேர் என்றால் 99. மதுரைக்குப் பக்கத்திலுள்ள கீழக்குயில்குடியின் கோயில் திருவிழாவுக்கு நையாண்டி மேள செட்டு, கரகாட்ட செட்டு, இரவு 'வள்ளி திருமணம்' நாடகக்காரர்கள், ஒலிபெருக்கிக்காரர் எல்லாரும் வந்து இறங்கினால் 23 பேர் எளிதில் தேறிவிடுவார்கள். அவர்களில் இருவர் ஒரே நாளில் பிறந்தவர்களாக இருந்தால் அதில் அதிசயம் இல்லை.

ஏன் இவ்வளவு சிறிய எண் போதுமானதாகிறது? நாம் எண்ண வேண்டியது ஆட்களை அல்ல, ஜோடிகளை. 23 பேருக்குள் 253 ஜோடிகள் அமைகின்றன. நமக்குத் தேதி தெரிந்த இசைக் கலைஞர்கள் 300 பேர் என்று வைத்தால் ஜோடிகள் 44,850. அதை 365-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 123 ஜோடிகள் தற்செயலாகவே பொருந்த வேண்டும். தியாகராஜர் தொடங்கி அனிருத் வரை 300 பேரைத் திரட்டுவது கடினமல்ல. ஆகவே நூறு பொருத்தங்கள் அகப்பட்டால் அது எதிர்பார்த்ததே. ஒன்றுகூட அகப்படாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். உலகம் முழுவதையும் சேர்த்துக்கொண்டால் ஒவ்வொரு தேதிக்கும் பல பேர் கிடைப்பார்கள். மணி ஐயருக்கு ஸ்ட்ராஸ் கிடைத்தது அப்படித்தான். அதே அக்டோபர் 25-இல் பாப் பாடகி கேட்டி பெர்ரியும் பிறந்திருக்கிறார். அவரை விட்டுவிட்டு ஸ்ட்ராஸை மட்டும் சொன்னது நான்தான். பொருத்தமானதைப் பொறுக்குவதில்தான் இந்த விளையாட்டின் சூட்சுமமே இருக்கிறது.

நம்முடைய பட்டியலுக்குள்ளேயே சில ஜோடிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆகஸ்ட் 25: செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906), நித்யஸ்ரீ மகாதேவன் (1973). ஜூன் 10: பாலக்காடு மணி ஐயர் (1912), வயலின் எம். எஸ். கோபாலகிருஷ்ணன் (1931). ஜனவரி 6: ஜி. என். பாலசுப்ரமணியம் (1910), ஏ. ஆர். ரகுமான் (1967). ஜனவரி 8-இல் ஹாரிஸ் ஜெயராஜ் பிறந்தார். அது எல்விஸ் பிரெஸ்லி, டேவிட் போவி இருவருக்கும் பிறந்தநாள். செப்டம்பர் 8-இல் ஆஷா போஸ்லேயும் பூபேன் ஹசாரிகாவும்.

ஆகஸ்ட் 27 சற்று நின்று பார்க்க வேண்டிய தேதி. நாகஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1898-இல் பிறந்தது அன்றுதான். பத்தாண்டு கழித்து, 1908-இல், எம். எம். தண்டபாணி தேசிகர். பிள்ளை பிறந்த ஊர் திருமருகல். தேசிகர் பிறந்த ஊர் திருச்செங்காட்டங்குடி. இரண்டும் அக்கம்பக்கத்துத் தேவாரத் தலங்கள். திருஞானசம்பந்தர் இவ்விரு ஊர்களையும் ஒரே பதிகத்தில் சேர்த்துப் பாடியிருக்கிறார். பிறகு இருவரும் சினிமாவிலும் நடித்தார்கள்: பிள்ளை 1940-இல் 'காளமேகம்', தேசிகர் 1942-இல் 'நந்தனார்'. ஒரே தேதி, ஒரே வட்டாரம், சினிமாவும் கூட. ஆனால் இதில் எதை உறவு என்பது? காவிரிக் கடைமடையில் இசை வேளாளர் குடும்பங்களும் ஓதுவார் குடும்பங்களும் ஊருக்கு ஊர் இருந்த காலம் அது. அந்த மண்ணில் இரு கலைஞர்கள் பக்கத்துப் பக்கத்து ஊரில் பிறந்ததற்குக் காரணம் கோயில்கள், மடங்கள், மானியங்கள். பேசும் படம் வந்ததும் நன்றாகப் பாடத் தெரிந்தவர்களைத் தேடி ஸ்டூடியோக்காரர்கள் அலைந்தது சினிமாவுக்கான காரணம். ஆகஸ்ட் 27-க்கு மட்டும் எந்தக் காரணமும் இல்லை.

தேதிப் பொருத்தம் உண்மையிலேயே உறவாக மாறிய ஒரு ஜோடி தமிழில் உண்டு. ஜூன் 24. கண்ணதாசன் 1927-இல் காரைக்குடி அருகே சிறுகூடல்பட்டியில் பிறந்தார், எம். எஸ். விஸ்வநாதன் சரியாக ஓராண்டு கழித்துப் பாலக்காட்டு எலப்புள்ளியில். கவிஞரை இசைக்கலைஞர் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். மெட்டைக் கேட்டுக்கொண்டே சந்தத்துக்குச் சொல்லை உதிர்த்த ஒருவரை அந்தக் கணக்கிலிருந்து வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஒருவர் செட்டிநாட்டில் பிறந்து சுவீகாரம் போனவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மற்றவர் சிறு வயதிலேயே தந்தையை இழந்து தாத்தா வீட்டில் வளர்ந்த மலையாளி. 1950-களில் சென்னையில் இருவரும் ஒரே தொழிலுக்குள் வந்து சேர்ந்தார்கள். 1961 ஒரே ஆண்டில் 'பாசமலர்', 'பாவ மன்னிப்பு', 'பாலும் பழமும்'. அடுத்து 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 1964-இல் 'கர்ணன்'. அந்தப் பாடல்களில் பலவற்றைப் பாடிய குரல் மதுரைக்காரரான டி. எம். எஸ்ஸுடையது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படங்களின் இசையில் சரிபாதிப் பங்கு டி. கே. ராமமூர்த்தியுடையது. 1965 வரை விஸ்வநாதனோடு ஒரே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர் அவர்; திருச்சியில் 1922 மே 15-இல் பிறந்தவர். உண்மையான கூட்டாளிக்குத் தேதி பொருந்தவில்லை. கவிஞருக்குப் பொருந்திவிட்டது. இன்று ஜூன் 24 வந்தால் காரைக்குடி மணிமண்டபத்தில் கவிஞருக்கு மாலை, மன்றங்களில் 'கவியரசரும் மெல்லிசை மன்னரும்' என்று இன்னிசைக் கச்சேரி. ராமமூர்த்தியின் மே 15 பெரும்பாலும் சத்தமில்லாமல் கடந்துபோகிறது. தற்செயலான ஒரு தேதி, நினைவை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இனி மார்ச் 24-இன் வில்லங்கம். தீட்சிதர் பிறந்த தேதியாகப் பல நூல்களில் அச்சாகியிருப்பது 1775 மார்ச் 24. ஆனால் அவர் குடும்ப வழியில் வந்த குறிப்பு வேறு மொழியில் பேசுகிறது: மன்மத ஆண்டு, பங்குனி மாதம், கார்த்திகை நட்சத்திரம். மன்மத ஆண்டு 1775 சித்திரையில் தொடங்கியது. அதன் பங்குனி, ஆண்டின் கடைசி மாதம். அது 1776 மார்ச்சில்தான் வரும். இன்னொரு சோதனையும் உண்டு. பங்குனியில் சூரியன் மீனத்தில் நிற்கிறது. கார்த்திகை நட்சத்திரம் மேஷத்தின் கடைசியிலும் ரிஷபத்திலும் இருக்கிறது. ஆகவே பங்குனிக் கார்த்திகை எப்போதும் அமாவாசை கழிந்த சில நாளில், வளர்பிறையில்தான் அமையும். 1775 மார்ச் 24 அன்று தேய்பிறை. 1776 மார்ச் 24-ஐக் கணக்குப் போட்டால் அமாவாசை கழிந்து நான்கு நாள், சந்திரன் கார்த்திகையில். தேதி சரி, ஆண்டுதான் ஒன்று முன்னே போய்விட்டது. பஞ்சாங்க ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றியவர், மன்மத என்றால் 1775 என்று முழு ஆண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருக்க வேண்டும்.

டி. எம். எஸ்ஸுக்கும் ஆண்டுக் குழப்பம் உண்டு. 1922 என்பாரும் 1923 என்பாரும் இருக்கிறார்கள். 2023 மார்ச் 24-இல் சென்னை மந்தைவெளியில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டினார்கள்; அதே ஆண்டு மதுரை முனிச்சாலையில் சிலையும் வந்தது. இரண்டில் எந்த ஆண்டை எடுத்தாலும் அந்த மார்ச் 24 கார்த்திகை நட்சத்திரம் அல்ல. 1922-இல் அன்று தேய்பிறை. 1923-இல் சந்திரன் கார்த்திகையைத் தாண்டிப் போய்விட்டது. ஆக, தீட்சிதருடைய காலத்து மனிதர் ஒருவரிடம் கேட்டால் இவ்விருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். இத்தனைக்கும் இருவருமே முருகனைப் பாடியவர்கள். தீட்சிதர் முத்திரை 'குருகுஹ'; டி. எம். எஸ்ஸின் முருகன் பாட்டு ஒலிக்காத தைப்பூசம் மதுரைப் பக்கத்தில் கிடையாது.

நம் முன்னோர் பிறந்தநாளாகக் கொண்டது மாதமும் நட்சத்திரமும்தான். மாமன்னன் ராஜராஜனுக்கு ஐப்பசிச் சதயம். தஞ்சையில் இன்றும் அன்றுதான் விழா. அதே ஐப்பசிச் சதயம் பேயாழ்வாருக்கும் திருநட்சத்திரம். பொய்கையாழ்வாருக்கு ஐப்பசித் திருவோணம், பூதத்தாழ்வாருக்கு ஐப்பசி அவிட்டம். முதலாழ்வார் மூவரும் அடுத்தடுத்த மூன்று நாட்களில். திருமங்கையாழ்வாருக்குக் கார்த்திகையில் கார்த்திகை, பாணர் குலத்தில் வந்த திருப்பாணாழ்வாருக்கு மறுநாள் ரோகிணி. வைணவம் பாடியவர்களின் பிறப்பைக் கொண்டாடியது. சைவம் அவர்கள் முத்தி அடைந்த நாளில் குருபூஜை வைத்தது. தியாகராஜருக்கும் பிறந்தநாளைவிட ஆராதனைதான் பெரிது. அவர் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆனால் திருவையாற்றில் ஆராதனை நடப்பது புஷ்ய பகுள பஞ்சமித் திதியில். ஆண்டுதோறும் ஆங்கிலத் தேதி மாறிக்கொண்டே இருக்கும்.

திருவாரூர் மும்மூர்த்திகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஒரு பொருத்தம் தென்படும். சியாமா சாஸ்திரி சித்திரபானு ஆண்டு சித்திரையில், கார்த்திகை நட்சத்திரம். அதனால்தான் வேங்கட சுப்ரமணியன் என்று பெயரிட்டார்கள். தீட்சிதர் பங்குனியில், அதே கார்த்திகை. தியாகராஜருக்குச் சித்திரைப் பூசம். மூவரில் இருவருக்கு ஒரே நட்சத்திரம் என்று வியப்பதற்குமுன் கணக்கைப் பார்க்க வேண்டும். நட்சத்திரம் மொத்தம் 27. ஏழு பேர் கூடினாலே இருவருக்கு ஒரே நட்சத்திரமாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு. மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் 324 கட்டங்கள். அப்போது 22 பேர் வேண்டும். எந்தப் பஞ்சாங்கத்தை எடுத்தாலும் தற்செயல் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

இரண்டு கணக்குகளும் எப்போது ஒன்றுகூடும்? 19 ஆண்டுக்கு ஒருமுறை. அதே ஆங்கிலத் தேதியில் சந்திரன் ஏறக்குறைய அதே நட்சத்திரத்துக்கும் அதே திதிக்கும் திரும்பி வருவதை, 19-ஆம் வயதிலும் 38-ஆம் வயதிலும் பிறந்தநாள் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். இதை வைத்து மேலே சொன்ன ஜோடிகளைச் சலித்துப் பார்த்தேன். கண்ணதாசனுக்கும் விஸ்வநாதனுக்கும் ஓராண்டு இடைவெளி; நட்சத்திரம் பத்துப் பதினொன்று தள்ளிப் போய்விடும். ராஜரத்தினம் பிள்ளைக்கும் தேசிகருக்கும் பத்தாண்டு, பொருந்தாது. கிட்டப்பா, நித்யஸ்ரீ 67 ஆண்டு, பொருந்தாது. பாலக்காடு மணி ஐயரும் எம். எஸ். கோபாலகிருஷ்ணனும் 1912, 1931: சரியாக 19. ஜி. என். பி., ரகுமான் 1910, 1967: 57 ஆண்டு, அதாவது மூன்று 19. இந்த இரண்டு ஜோடிகளும் பிறந்த நேரத்தைப் பொறுத்து ஒரே நட்சத்திரம், அல்லது ஒட்டிய நட்சத்திரம். ஆங்கிலத் தேதிக்காரரும் பஞ்சாங்கக்காரரும் சண்டையில்லாமல் ஏற்றுக்கொள்ளக்கூடிய பிறந்தநாள் பங்காளிகள் இவர்கள்தான். ஆங்கில இலக்கியத்தில் ஆனர்ஸ் படித்துவிட்டுப் பிருகாக்களால் சபைகளை அசத்திய ஜி. என். பி.க்கும், கணினியும் சின்தசைசருமாக ஒலிக்கூடத்தில் விடிய விடிய உழைக்கும் ரகுமானுக்கும் சந்திரன் ஒரே இடத்தில் நின்றது. ஜாதகக்காரர்கள் இதற்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க ஆசை.

பஞ்சாங்கச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. யோஹான் செபாஸ்டியன் பாஃக் 1685 மார்ச் 21-இல் பிறந்தார். ஷெனாய் மேதை உஸ்தாத் பிஸ்மில்லா கான் 1916 மார்ச் 21-இல். ஆனால் பாஃக் பிறந்தபோது அவருடைய ஊரில் பழைய ஜூலியன் நாட்காட்டி நடப்பில் இருந்தது. இன்றைய கணக்கில் அது மார்ச் 31. மே 7 இதற்கு நேரெதிர்: பிராம்ஸ் 1833 மே 7, சைகோவ்ஸ்கி 1840 மே 7. சைகோவ்ஸ்கியின் தாய் அந்த நாளை ஏப்ரல் 25 என்றுதான் சொல்லியிருப்பார். ரஷ்யாவில் அப்போது பழைய நாட்காட்டி. ஆயிரக்கணக்கில் பாட்டுக் கட்டிய ரவீந்திரநாத் தாகூரும் 1861 மே 7. கொல்கத்தாவில் அதைக் கொண்டாடுவது வங்காளி மாதக் கணக்கில், வைசாகம் 25-இல். அது மே 8 அல்லது 9-இல் விழும். மூவருக்கும் ஒரே பிறந்தநாள் என்பது பிற்காலத்துப் பட்டியல்காரரின் மேசையில் மட்டும் நடந்த சந்திப்பு.

பிறந்தநாளைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் வாழ்நாள் முழுவதும் 1900 ஜூலை 4-இல் பிறந்ததாகச் சொல்லிவந்தார். அமெரிக்க சுதந்திர தினம், எண்ணும் அழகு. அவர் மறைந்த பிறகு, 1980-களில், நியூ ஆர்லியன்ஸ் தேவாலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேடு கிடைத்தது. அதில் 1901 ஆகஸ்ட் 4. அந்த ஏட்டைப் புரட்டியதும் அவர் கிஷோர் குமாருக்குப் பங்காளி ஆகிவிட்டார்: கிஷோர் 1929 ஆகஸ்ட் 4-இல் காண்ட்வாவில் பிறந்தவர்.

நம்மூரில் நடந்தது வேறு விதம். இளையராஜா பிறந்தது 1943 ஜூன் 3, அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில். மு. கருணாநிதிக்கும் ஜூன் 3 பிறந்தநாள். 'இசைஞானி' என்று பட்டம் தந்தவருக்கு அந்த நாளை விட்டுவிட்டு ராஜா ஜூன் 2-க்கு நகர்ந்துகொண்டார். பிறந்தநாளைப் பங்கு போட மறுத்த மரியாதை என்று இதைச் சொல்லலாம். ஜூன் 4 எஸ். பி. பாலசுப்ரமணியத்துக்கு. மூன்று நாளுக்குள் தமிழ்த் திரையிசையின் பாதி வந்துவிடுகிறது.

ஜூன் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை முழுவதற்கும் பிறந்த தேதி கொடுத்தவர் பள்ளித் தலைமையாசிரியர். வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. ஜூன் சேர்க்கைக்கு ஐந்து வயது நிரம்பியிருக்கும்படி மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். இப்படித் தேதிகள் ஒரு பக்கமாகக் குவிந்தால் பிறந்தநாள் பொருத்தம் இன்னும் எளிதாகிவிடும். மேலே சொன்ன 23 கூட வேண்டியதில்லை.

ஒருவரைப் பற்றி யார், எதை, எதற்காக எழுதி வைத்தார் என்ற கேள்வியில்தான் கீழக்குயில்குடி முக்கியமாகிறது. நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஊர். தாமரைக் குளம், அய்யனார் கோயில், பின்னால் சமணர் மலை. மலையில் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு அடியில் ஆயிரம் ஆண்டு பழைய வட்டெழுத்து. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி, குணசேனதேவர் என்று பள்ளியின் பெயரும் ஆசிரியர் பெயரும், அவர் மாணாக்கர் இவர், இவர் செய்வித்த திருமேனி இது என்ற செய்தியும் அங்கே இருக்கின்றன. ஒருவரை அடையாளம் காட்ட அவர் எந்த ஆசிரியரிடம் இருந்தார் என்பது போதுமானதாக இருந்திருக்கிறது. இசை உலகமும் அப்படித்தான் பேசுகிறது. 'யாரிடம் பாடம்?' என்பதுதான் முதல் கேள்வி. சேஷகோபாலன் ராமநாதபுரம் சி. எஸ். சங்கரசிவத்திடம் கற்றார், சங்கரசிவம் முத்தையா பாகவதரின் சீடர், மணி ஐயரும் பாகவதரின் சீடர். மணி ஐயரை ஸ்ட்ராஸோடு இணைப்பது அக்டோபர் 25, சேஷகோபாலனோடு இணைப்பது பாடாந்தரம். முதலாவதால் ஒரு ஸ்வரம்கூட நகராது.

அந்த மலைக்கு அடியிலிருக்கும் ஊரில் ஆங்கில அரசு ஆட்களை ஏட்டில் ஏற்றியது வேறு நோக்கத்துக்கு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் 1910-களில் பிரமலைக் கள்ளர் ஊர்களைப் பதியத் தொடங்கியபோது முதலில் அகப்பட்டவற்றில் கீழக்குயில்குடியும் ஒன்று. கைரேகைச் சட்டம் என்றே மக்கள் அதைச் சொன்னார்கள். ஆள் இன்றிரவு எங்கே தூங்குகிறான் என்பதுதான் அந்த ஏட்டின் கவலை. சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. கிராம முன்சீப் வைத்திருந்த பிறப்பு இறப்புப் பதிவேடு தனியாக இருந்தது. அதிலும் பிள்ளை பிறந்தவுடன் எழுதுவதால் 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கும். பெயர் வைப்பது பிறகுதானே. வளர்ந்து மேளம் கட்டியவரோ ராஜபார்ட் போட்டவரோ அந்த ஏட்டில் தன்னைத் தேடினால், தந்தை பெயரையும் அண்ணன் தம்பி வரிசையையும் வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும்.

அதனால் பிறந்தநாள் பட்டியல்களில் மதுரை என்றால் மணி ஐயர், எம். எஸ்., டி. எம். எஸ்., சேஷகோபாலன் என்று வருகிறது. தவிலும் உறுமியும் பறையும் வாசித்து மாவட்டத்துத் திருவிழாக்களை எல்லாம் நடத்திவைத்த நூற்றுக்கணக்கானவர்கள் வருவதில்லை. அவர்களுக்கும் ஒரு நாள் தேதி தேவைப்படுகிறது: நலிந்த கலைஞர் ஓய்வூதியத்துக்கோ நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியத்துக்கோ மனுப் போடும்போது. வயதுச் சான்று கேட்பார்கள். பள்ளிக்குப் போயிருந்தால் மாற்றுச் சான்றிதழ்; போகாதவருக்கு ஆதார். ஆதார் எடுத்தபோது வயதை மட்டும் வாயால் சொன்னவர்களுக்கு, அந்த ஆண்டின் ஜனவரி 1 பிறந்த தேதியாக ஏறிவிட்டது. இப்படி ஜனவரி 1-இல் பிறந்தவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் டஜன் கணக்கில் இருக்கிறார்கள், மேளக்காரர்கள் உட்பட.

சபாக்காரர்களையும் சினிமாக்காரர்களையும் சற்று ஒதுக்கிவிட்டு, மதுரை மாவட்டத்தில் நலவாரிய அட்டை வைத்திருக்கும் கலைஞர்களை மட்டும் பிறந்த தேதிப்படி வரிசைப்படுத்தினால் ஜனவரி 1 எல்லாத் தேதிகளையும் பின்தள்ளும் என்று நினைக்கிறேன். ஜூன் மாதத்துப் பள்ளித் தேதிகள் அதற்குப் பின்னால் நிற்கும். மார்ச் 24-உம் அக்டோபர் 25-உம் எங்கோ அடியில். பட்டியல் தயாரிப்பவர்கள் தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் போட்டு, அது ஜாதகத்திலிருந்து வந்ததா, பள்ளியிலிருந்தா, ஆதாரிலிருந்தா, அல்லது நூலாசிரியர் ஒருவரின் ஆண்டுக் கணக்கிலிருந்தா என்று குறித்து வைக்கலாம். தீட்சிதர் வரிசையில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது 1775-ஐ 1776 என்று திருத்திவிடுவதும் நல்லது.